புதுக் காரின் கீச்சுக்குரல்

புதுக் கார் வீட்டு வாசலுக்கு வந்த முதல் வாரம் கண்ணாடிக்காரனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் ஊரே அவனை அப்படித்தான் கூப்பிட்டது. பழைய ஸ்கூட்டரிலேயே பாதி ஆயுசை ஓட்டிவிட்டு, நாற்பதைத் தாண்டிய பிறகு ஆசைப்பட்டு வாங்கிய கார். காலையில் பல் துலக்குவதற்கு முன்பே வெளியே போய் அதை ஒரு சுற்றுச் சுற்றி வருவான். லென்ஸ் துடைக்கிற மெல்லிய துணியால் பக்கக் கண்ணாடியைத் துடைப்பான். கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டி, புது வண்டியின் வாசனையை இழுத்துக்கொள்வான். மனைவி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொள்வாள்.

இரண்டாவது வாரம் சத்தம் வந்தது.

காலையில் மனைவியை ஏற்றிக்கொண்டு தெருமுனையில் திரும்புவதற்காக பிரேக்கை மெல்ல மிதித்தான். சிலேட்டில் நகத்தை வைத்து இழுத்த மாதிரி ஒரு கீச்சுக்குரல். முதுகுத்தண்டில் கூசியது. வேறு வண்டியாக இருக்கும் என்று திரும்பிப் பார்த்தான். பின்னால் ஒரு சைக்கிள்கூட இல்லை. அடுத்த திருப்பத்திலும் அதே கூச்சல். மூன்றாம் நாள் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், இனி எனக்குக் கடிகாரமே வேண்டாம், நீ வண்டியை எடுத்தால் எழுந்துவிடுகிறேன் என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் வாரக் கடைசிக்குள் தெருப்பிள்ளைகள் காருக்குக் 'கீச்சான்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆசை ஆசையாய் வாங்கிய வண்டிக்கு இப்படி ஒரு பட்டப்பெயர் விழுந்ததில் அவனுக்கு மனசே விட்டுப்போனது.

அவன் வீட்டில் புலி, வெளியில் எலி. கோபம் எல்லாம் நாலு சுவருக்குள் பொங்கி, வாசற்படி தாண்டியதும் அடங்கிவிடும். 'விற்றுவிட்டால் ஆயிற்றா, இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன்' என்று சட்டையை மாட்டிக்கொண்டு கார் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்துக்குப் போனான். அங்கே முன் மேசையில் டை கட்டிக்கொண்டிருந்த இளைஞன் முழுசாகக் கேட்கக்கூட இல்லை. புது வண்டியில் அப்படித்தான் இருக்கும், பிரேக் கட்டை பழக வேண்டும், தானாகப் போய்விடும் என்று சிரித்த முகமாகச் சொன்னான். இவனும் சிரித்த முகமாகத் தலையாட்டிவிட்டு வந்தான். வந்து, சோபாத் திண்டைக் குத்தினான்.

பத்து நாள் கழித்து இரண்டாவது முறை போனான். ஒரு மெக்கானிக் ஏறி உட்கார்ந்து பின்பக்க மைதானத்தில் நாலு வட்டம் அடித்தான். கார் சத்தமே காட்டவில்லை. பல்வலிக்காரனுக்கு டாக்டர் வீட்டு வாசலில் வலி பறந்துவிடுவது போலத்தான். முன்மேசை இளைஞன் அவனைப் பார்த்த பார்வையில், பாவம் இந்த மனிதருக்குக் காதில் ஏதோ கோளாறு என்கிற இரக்கம் இருந்தது. அந்த இரக்கம்தான் அவனைச் சுட்டது.

"அங்க போனா மட்டும் ஊமையாயிடுது," என்று அன்று சாப்பிடும்போது பொருமினான்.

"என் ரூமுக்கு வர்ற பசங்களும் அப்படித்தாங்க," என்றாள் மனைவி.

அவள் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். திக்குகிற பிள்ளைகள், பேச்சு வராத பிள்ளைகள், பக்கவாதத்தில் சொல்லைத் தொலைத்த பெரியவர்கள் எல்லாம் அவளிடம் வருவார்கள். வீட்டில் இந்த வார்த்தையில் திக்குகிறான் என்று அம்மா சொல்லுவாள். இவள் முன்னால் பிள்ளை மணிமணியாகப் பேசும். இல்லை, வீட்டில் வாய் ஓயாத பிள்ளை அங்கே வாயே திறக்காது. அதற்காக அம்மா பொய் சொல்கிறாள் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

அன்றிலிருந்து, காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் காரில் கண்ணை மூடிக் கேட்க ஆரம்பித்தாள். எப்போது கத்துகிறது, எங்கே, எந்த மாதிரி மிதித்தால் என்று கேள்விமேல் கேள்வி. காருக்கும் வைத்தியம் பார்க்கப் போகிறாயா என்று அவன் எரிந்து விழுந்தான். அவள் பொருட்படுத்தவில்லை. ஒரு வாரம் கழித்துச் சொன்னாள்: காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது, அதுவும் மெல்ல மிதித்தால் மட்டும்தான் கத்துகிறது. இரவு பனி பெய்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூட. நாலைந்து தடவை மிதித்த பிறகு அடங்கிவிடுகிறது. மத்தியானத்தில் ஒருநாள்கூடக் கத்தியதில்லை. சத்தம் முன் சக்கரத்திலிருந்து வருகிற மாதிரி இருக்கிறது.

அவனுக்கு அது ஒரு காதில் நுழைந்து மறு காதில் போயிற்று. காரணம், அதற்குள் அவனுடைய அண்ணன் இந்த விஷயத்தில் புகுந்துவிட்டார்.

அண்ணன் தையல் மெஷின் விற்று, பழுதும் பார்ப்பவர். உலகத்தில் அவருக்குத் தெரியாதது இல்லை. தெரியாவிட்டாலும் சொல்லாமல் இருப்பதில்லை. கத்துகிற எதற்கும் ஒரே மருந்து எண்ணெய் என்பது அவர் கட்சி. மெஷின் கத்தினாலும் எண்ணெய், கதவு கத்தினாலும் எண்ணெய். கார் என்ன வானத்திலிருந்து குதித்ததா? ஒரு சனிக்கிழமை மதியம் மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பியோடு வந்தார். இரண்டு பேரும் முன் சக்கரங்கள் பக்கத்தில் குந்தி, கம்பிகளின் இடைவெளி வழியாக உள்ளே பளபளத்த வட்டத் தகட்டில் எண்ணெயைப் பீய்ச்சினார்கள். பிறகு தெருவை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார்கள். கப்சிப். நிறுத்துவதற்கு பிரேக்கைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்த வேண்டியிருந்தது; சந்தோஷத்தில் அவன் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. மத்தியானத்தில் அது எப்போதும் கத்தாது என்று மனைவி சொன்னது அவனுக்கு ஞாபகமே வரவில்லை. கம்பெனிக்காரனால் முடியாததை என் குப்பி முடித்தது என்று அண்ணன் மார்தட்டிக்கொண்டார். இரண்டு பேருமாக அவளை அழைத்துவர ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள்.

ஆஸ்பத்திரி ஒரு மேட்டின் மேல் இருந்தது. வாசலில் அவளை ஏற்றிக்கொண்டபோது அண்ணன் பின் இருக்கைக்கு மாறிக்கொண்டு, அவள் பெல்ட்டை மாட்டுவதற்குள் வெற்றியை அறிவித்துவிட்டார்.

"எண்ணெயா?" என்றாள் அவள். "எங்க போட்டீங்க?"

"முன் சக்கரத்துலதான். அந்தத் தகட்டு மேல," என்றான் அவன்.

அவள் முகம் மாறியது. "வண்டிய நிறுத்துங்க," என்றாள்.

கார் அதற்குள் இறக்கத்தில் இறங்கிவிட்டிருந்தது. அவன் மிதித்தான். கால் போனது, கார் நிற்கவில்லை. இன்னும் மிதித்தான். வேகம் லேசாகக் குறைந்தது போல் காட்டிவிட்டு, வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு உருண்டது. கீழே சிக்னலில் வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. கை ஸ்டீயரிங்கோடு ஒட்டிக்கொண்டது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பின்னாலிருந்து அண்ணன், "ஐயோ, ஐயோ," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"காலை எடுக்காதீங்க. கியரைக் குறைங்க," என்றாள் அவள். சோற்றில் உப்புக் கொஞ்சம் கம்மி என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். அந்தக் குரல் கேட்டதும் அவன் கை தானாக கியருக்குப் போனது. அவள் இரண்டு பேருக்கும் நடுவே இருந்த கை பிரேக்கைப் பிடித்து மேலே இழுத்தாள். வெடுக்கென்று அல்ல, கிணற்றிலிருந்து குடத்தைத் தூக்குகிறவள் போல, நிதானமாக, கொஞ்சம் கொஞ்சமாக. "இடது பக்கம் மணல் இருக்கு பாருங்க. அதுல விடுங்க."

சாலை வேலைக்காகக் கொட்டியிருந்த மணல் குவியலில் காரின் மூக்கு புஸ்ஸென்று போய்ப் புதைந்து நின்றது. அடி இல்லை, காயம் இல்லை. அவள் முதலில் இறங்கி, அண்ணனின் கழுத்து வலிக்கிறதா என்று கேட்டாள். பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய விளக்குகளை மினுக்கவிடச் சொன்னாள். இழுத்துப்போகிற வண்டிக்குப் போன் செய்தாள். எல்லாம் முடிந்த பிறகுதான் நடைபாதை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவள் விரல்கள் நடுங்குவதை அவன் பார்த்தான். அவ்வளவு நேரமும் அந்த நடுக்கத்தை எங்கே வைத்திருந்தாள் என்று அவனுக்குப் புரியவில்லை.

அவள் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

இழுவை வண்டிக்காகக் காத்திருந்தபோது அண்ணனுக்கு உயிர் திரும்பியது. கூடவே யோசனையும் வந்தது. எண்ணெய் பற்றி மூச்சு விடாதே, பிரேக் தானாகப் போய்விட்டது என்று சொல், புது வண்டி, கம்பெனிக்காரர்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். அவர்கள் சக்கரத்தைக் கழற்றித்தானே பார்ப்பார்கள் என்று அவள் கேட்டாள். பார்த்தால் என்ன, எங்கிருந்தோ கசிந்தது என்று இருக்கட்டும் என்றார். அவள் எழுந்து, இழுவை வண்டி வருகிறதா என்று பார்க்கப் போனாள். அவனுக்கோ அண்ணன் சொன்னது தேனாக இனித்தது. தப்பித்துக்கொள்ள ஒரு சந்து கிடைத்தால் எலி விடுமா?

சர்வீஸ் நிலையத்தில் இந்தத் தடவை காரை உள்ளே பட்டறைக்கே கொண்டுபோனார்கள். பட்டறைக்குத் தலைவர் ஒரு கனத்த மனிதர். எல்லாரும் அவரை ஃபோர்மேன் என்றார்கள். அவர் வந்தாலே பையன்களின் பேச்சு நின்றது. முன் சக்கரத்தைக் கழற்றி, தகட்டில் விரலைத் தேய்த்து மோந்து பார்த்தார். விரலைத் துணியில் துடைத்துக்கொண்டே இவர்களிடம் வந்தார்.

"இது எப்படி வந்துச்சு?"

முன்மேசை இளைஞன் அவனைப் பார்த்தான். அண்ணன் கூரையில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார். அவன் மனைவியைப் பார்த்தான்.

அவள் தலையாட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை. சும்மா அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தை அவன் ஒருமுறை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறான். சாப்பாட்டுப் பை கொடுக்கப் போனபோது, அவள் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஒரு சின்னப் பெண் ஏதோ ஒரு சொல்லின் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த அம்மா பொறுக்க முடியாமல் அந்தச் சொல்லைச் சொல்லிவிடப் பார்த்தாள். இவள் அந்த அம்மாவின் கையை லேசாகத் தொட்டுத் தடுத்துவிட்டு, உலகத்தில் வேறு வேலையே இல்லாதவள் போல அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சொல் வருகிறவரை.

அண்ணன் தொண்டையைச் செருமினார். அவள் அவர் சட்டைக் கையை லேசாகத் தொட்டாள். அண்ணன் வாயை மூடிக்கொண்டார்.

"நான்தான் போட்டேன்," என்றான் அவன்.

சொன்ன பிறகு, ஆச்சரியமாக, மீதியும் வந்தது. "சத்தம் நிக்கும்னு நெனச்சு ரெண்டு சக்கரத்துலயும் எண்ணெய் விட்டேன். தப்புதான். ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு தடவ இங்க வந்தேன். பழகிடும்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அதுக்கு மேல எப்படிக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியல."

இப்போது வெடிக்கும் என்று எதிர்பார்த்தான். ஃபோர்மேன் வெடிக்கவில்லை. முன்மேசை இளைஞனிடம் திரும்பி, ரெண்டு தடவை வந்தாரா, என் காதுக்கு வரவில்லையே என்று மட்டும் கேட்டார். இளைஞனின் காது சிவந்தது. பிறகு இவனிடம், "நல்ல வேள சொன்னீங்க. இல்லன்னா எங்கேர்ந்து கசியுதுன்னு வண்டி மொத்தத்தையும் பிரிச்சுப் போட்டுத் தேடிட்டு இருந்திருப்பேன்," என்றார். எண்ணெய் குடித்த பிரேக் கட்டைகளை மாற்றியே ஆக வேண்டும், அது உங்கள் செலவு என்றார். அவன் சரி என்றான். தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது.

அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"இதெல்லாம் மாத்தினாலும் அந்தச் சத்தம் போகாதுன்னு தோணுது சார். அது எண்ணெய்க்கு முன்னாடியே இருந்துச்சு." காலை, குளிர், பனி, மெல்லிய மிதி என்று தான் கேட்டது எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாள். "இங்க வச்சுப் பாத்தா அது கத்தாது. நீங்க எங்க தெருவுக்கு வரணும். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி."

அப்படிப் போகிற வழக்கம் இல்லை என்று இளைஞன் ஆரம்பித்தான். ஃபோர்மேன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் சத்தத்தைப் பற்றி இப்படி யாரும் அவரிடம் வந்து சொன்னதில்லை போலும். வருகிறவர்கள் கத்துவார்கள், இல்லை கெஞ்சுவார்கள். "வீடு எங்க?" என்று கேட்டார்.

கட்டைகளை மாற்றிக் கார் வீட்டுக்கு வந்த மறுநாள், சூரியன் மாடிச் சுவரை எட்டுவதற்கு முன்பே ஃபோர்மேன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். இவன் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார, அவர் பின்னால் ஏறினார். கார் கிளம்பியதும் அவனுக்கு ஒரு பயம். வழக்கம்போல் இன்றைக்கும் மானத்தை வாங்கிவிடுமோ, கத்தாமல் இருந்துவிடுமோ? கத்த வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு தெருமுனையில் மெல்ல மிதித்தான். கீச்சான் ஊரையே கூட்டியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவன் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

ஃபோர்மேனின் முகத்தில் சிரிப்பு வந்தது. இறங்கிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டி ஓட்டி நிறுத்தச் சொன்னார். அவ்வளவு கனத்த மனிதர், ஒரு கையைக் கார் மேல் வைத்துக்கொண்டு, காதைச் சக்கரத்துக்குக் கொடுத்து, வளைந்தபடியே கூட நடந்தார். முன்னால் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை, பின்னால் ஒருமுறை. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் தன் வீட்டு கேட்டிலிருந்து, இன்னும் கொஞ்சம் குனிய வேண்டும் என்று யோசனை சொன்னார். ஃபோர்மேன் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"முன் சக்கரமே இல்லம்மா. பின் சக்கரம், இடது பக்கம்."

"முன்னாடியிலேர்ந்து வர்ற மாதிரிதானே எனக்குக் கேட்டுச்சு," என்றாள் அவள்.

"உள்ள உக்காந்தா அப்படித்தான் ஏமாத்தும். நானும் வெளிய இறங்கலன்னா முன்னாடிதான்னு அடிச்சுச் சொல்லியிருப்பேன்."

பட்டறையில் அந்தச் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். பிரேக் கட்டையின் முதுகில் ஒரு மெல்லிய தகடு உண்டு. கட்டை அதிராமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. தயாரிக்கும்போதே அது தன் இடத்தில் சரியாக உட்காராமல் ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. மெல்ல மிதிக்கும்போது கட்டை கிடுகிடுவென அதிர்ந்திருக்கிறது. டம்ளர் விளிம்பில் ஈர விரலைச் சுற்றினால் பாடுமே, அந்த மாதிரி. வண்டி சூடானதும் எல்லாம் இறுகி அடங்கிவிடும். புதுத் தகட்டைப் போட்டு, கட்டையின் முதுகில் மட்டும் துளி கிரீஸ் தடவினார். கட்டை உரசுகிற பக்கத்தில் ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது என்று இவனைப் பார்த்து அழுத்திச் சொன்னார். இவன் பள்ளிக்கூடப் பையன் போலத் தலையாட்டினான். தகடு கம்பெனியின் தவறு, அதற்கு எதுவும் தர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

மறுநாளும் அவராகவே வந்து, இரண்டு தெரு கூடவே வந்து பார்த்தார். கார் பூனை மாதிரி நின்றது. போகும்போது அவளிடம், சத்தம் என்று யார் வந்தாலும் இனி முதலில் என்னிடம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், நீங்கள் கேட்ட கேள்விகளையே முன்மேசைப் பையனையும் கேட்கச் சொல்லியிருக்கிறேன் என்றார். அவள் நன்றி சொன்னாள். அவர் வண்டியைக் கிளப்பிய பிறகும் ஒருமுறை திரும்பிப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். கண்ணாடிக்காரனுக்குத் தன்னை யாரோ மேடையேற்றி மாலை போட்டது போல இருந்தது.

அடுத்த மாதம் அண்ணன் வீட்டில் எல்லாரும் சாப்பிடக் கூடியிருந்தார்கள். பத்துப் பேர் இருக்கிற இடத்தில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவன், அன்றைக்குக் கதையை ஆரம்பித்தான். எண்ணெய்க் குப்பியை விடவில்லை, மணல் குவியலை விடவில்லை. பொய் சொல்லத் தயாராக நின்றதைக்கூட விடவில்லை. கடைசியில் அவர்களும் கிரீஸ்தானே போட்டார்கள், அதைத்தானே நானும் சொன்னேன் என்று அண்ணன் இடையில் புகுந்தார். சிரித்ததில் அண்ணிக்குப் புரையேறியது.

"அன்னிக்கு இவ எனக்காகப் பேசியிருந்தா ஈஸியா முடிஞ்சிருக்கும்," என்றான் அவன். "நானும் தப்பிச்சிருப்பேன். பேசாம நின்னா பாருங்க, அதுதான். இவனால சொல்ல முடியும்னு ஒருத்தர் நம்மளப் பாத்துட்டு நிக்கறது இருக்கே..." அதற்குமேல் அவனுக்கு வரவில்லை.

அவள் தட்டைப் பார்த்துக் குனிந்திருந்தாள், கன்னம் சிவந்திருந்தது.

"நானும் முன் சக்கரம்னுதான் நெனச்சேன். அதையும் சொல்லுங்க," என்றாள்.

அவன் அதையும் சொன்னான்.